கோடை முகாமில் அண்ணன்மார்



இப் பேச்சைப் படிக்கும் குரல் ஒன்றாயினும் பேசுவோர் இருவர். மும்பையில் ஒரே தமிழ்ச் சபையைச் சேர்ந்தவர்கள் நாங்கள். ஒருவர் வங்கி ஊழியர். மற்றவர் ரயில்வேயில் கணக்குப் பிரிவில் பணி புரிபவர். ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, கிறித்தவ இளைஞர் கோடை முகாம் ஒன்றில் ஊதியமின்றித் தொண்டு செய்து வருகிறோம். அத் தொண்டைப் பற்றிப் பேச வேண்டும் என்றபோது, செய்த நன்மைகளைப் பட்டியலிட எங்களுக்கு மனம் வரவில்லை. முதல் ஆண்டில் நாங்கள் செய்த ஒரு பிழையை உள்ளவாறே சொல்வதுதான் கேட்போர்க்குப் பயன்படும் என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்தோம்.

கோடை விடுமுறை என்றால் நம்மவர்க்கு ஊர்ப் பயணம் என்றே நெடுங்காலம் பொருள் இருந்தது. ரயில் சீட்டுக்கு முந்துவதும், பெட்டி கட்டுவதும், இரண்டு இரவு வண்டியில் கழித்துப் பாட்டி வீட்டு வாசலில் போய் இறங்குவதும் நாம் அறிந்தவை. ஆனால் மும்பையிலும் டெல்லியிலும் கொல்கத்தாவிலும் மூன்றாம் தலைமுறை வளர்ந்துவிட்டது. பலருக்கு ஊரில் இன்று வீடு இல்லை. இருந்தாலும் அதைத் திறந்து வைத்திருக்கப் பாட்டி இல்லை. அத்தகைய பிள்ளைகளுக்குக் கோடையில் கிடைக்கும் மாற்றிடங்களுள் ஒன்று முகாம். ஆகவே முகாம் என்பது யாதென்றும், அங்கே பிள்ளைகளைக் காப்போர் செய்யும் வேலை யாதென்றும் அறிந்துகொள்வது, எம் மதத்துப் பெற்றோர்க்கும் தேவையானதே.

இவ் வழக்கத்தின் வரலாறு நெடியது. லண்டன் மாநகரில் துணிக் கடை ஒன்றில் வேலை பார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்னும் இளைஞர் 1844-ல் தம் தோழர்களோடு தொடங்கியதுதான் ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் கிறித்தவ வாலிபர் சங்கம். அச் சங்கத்தின் சார்பில் 1885-ல் சம்னர் டட்லி என்பவர் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆரஞ்சு ஏரி என்னும் ஏரிக் கரைக்கு ஏழு சிறுவர்களை அழைத்துச் சென்று தங்கவைத்தார். அவர் பெயரால் அம் முகாம் இன்றும் நடந்து வருகிறது. அதற்கு முன்னரே, 1868-ல், வேல்ஸ் நாட்டு லாண்டட்னோ கடற்கரையில் ஜோசையா ஸ்பியர்ஸ் என்பவர் ஒரு சிறு வேத வாக்கியத்தை மணலில் எழுத, விடுமுறைக்கு வந்திருந்த பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு கற்களாலும் கடற்பாசியாலும் அவ் வெழுத்துக்களை அழகு செய்தனர். நம் நாட்டில் வாலிபர் சங்கம் கொல்கத்தாவில் 1857-லும் சென்னையில் 1890-லும் வேரூன்றியது. அதன் தேசியப் பொதுச் செயலாளராக 1916-ல் அமர்ந்த முதல் இந்தியர், 1876-ல் சேலத்தில் பிறந்த தமிழரான கே. டி. பால்.

இவற்றை நாங்கள் பெருமைக்காகச் சொல்லவில்லை. டட்லி அழைத்துச் சென்றது எழுபது பேரை அன்று, ஏழு பேரை. ஏழு பேர் என்றால் ஒவ்வொருவன் முகமும் தெரியும். எவன் உண்டான், எவன் உண்ணவில்லை என்பது தெரியும். ஸ்பியர்ஸ் நின்றது மேடைமீது அன்று, பிள்ளைகளோடு மணலில். முகாம் தொண்டின் இயல்பு இவ் விரண்டிலும் அடங்கியிருக்கிறது. இதை ஏட்டில் படித்தே நாங்கள் அறிந்திருந்தோம். அறிந்திருந்தும் தவறினோம்.

முகாமில் சிறு குழுவொன்றுக்குப் பொறுப்பாளராக இருப்பவரைக் கவுன்சிலர் என்பார்கள். தமிழில் ஆலோசகர் என்று எழுதுவர். அப் பெயரைக் கேட்டதும், ஆலோசனை சொல்வதே வேலை என்று நாங்கள் கருதிவிட்டோம். பிள்ளைகளோ, நாற்பதைக் கடந்த எங்களை அண்ணா என்றே அழைத்தனர். ஆலோசகருக்கும் அண்ணனுக்கும் உள்ள தொலைவை அறிய எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது.

சில ஆண்டுகளுக்கு முந்திய ஒரு மே மாதம் அது. மும்பையின் வெயிலும் புழுக்கமும் உச்சத்தில் இருந்த நேரம். தாதரில் பிள்ளைகளோடு வண்டி ஏறினோம். கர்ஜத் நிலையத்தில் வண்டி நின்றதும், மலையேறுவதற்காகப் பின்புறத்தில் கூடுதல் எஞ்சின்களைப் பூட்டினார்கள். பிள்ளைகள் ஒரு கையில் வடா பாவும் மறு கையில் சன்னல் கம்பியுமாக அதை வேடிக்கை பார்த்தனர். 1863-ல் திறக்கப்பட்ட போர் கணவாய்ப் பாதை அது. குகைக்குள் வண்டி நுழையும்தோறும் ஒரே கூச்சல். வெளியே வரும்தோறும் ஒரே சிரிப்பு. ஏறத்தாழ 620 மீட்டர் உயரத்தில் உள்ள லோணாவளாவில் இறங்கி, பேருந்தில் சில கல் தொலைவு சென்று முகாமை அடைந்தோம்.

மராட்டியர், மலையாளிகள், கோவா நாட்டார், தமிழர் என்று பல சபைகளிலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தனர். தமிழ் தெரிந்த பொறுப்பாளர் வேண்டும் என்றே எங்களை அழைத்திருந்தார்கள். எங்கள் இருவர் பொறுப்பில் 8 பையன்கள்; எல்லோரும் 11 முதல் 13 வயதுக்கு உட்பட்டவர்கள். ஓடு வேய்ந்த ஒரு நீண்ட அறை. இரு மருங்கும் கட்டில்கள். கதவருகே எங்களுக்கு இரண்டு கட்டில்கள். கைப்பேசிகளை முதல் நாளே அலுவலகத்தில் வாங்கி வைத்துவிட்டார்கள்.

காலை 6 மணிக்கு மணி அடிக்கும். ஒவ்வொருவரும் தனித்திருந்து வேதம் வாசிக்க அரை மணி நேரம். பிறகு அறையைக் கூட்டிப் பெருக்கிப் படுக்கையை ஒழுங்கு செய்தல். அதற்குப் பின் அறைச் சோதனை. மூத்த தொண்டர் ஒருவர் குறிப்பேட்டோடு வந்து 10-க்கு இத்தனை என்று மதிப்பெண் இடுவார். நாள் முடிவில் அதிக மதிப்பெண் பெற்ற அறைக்கு ஒரு கொடி. துணிக் கந்தலில் செய்த கொடிதான்; ஆயினும் அதைப் பெறுவதற்குப் பிள்ளைகளைவிட நாங்களே துடித்தோம் என்பதை இப்பொழுது ஒப்புக்கொள்கிறோம்.

எங்கள் எண்மருள் ஒருவன் 12 வயதுச் சிறுவன். தாராவியில் பிறந்து வளர்ந்தவன். பாட்டனார் நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். அவன் தமிழ் பேசுவான். ஆயினும் வாக்கியம் தமிழில் தொடங்கி இந்தியில் முடியும். வண்டியில் வரும்போது எல்லோரோடும் கலந்து கூச்சலிட்டவன், முதல் நாள் இரவு படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் தயங்கித் தயங்கி நின்றான். "என்ன?" என்று கேட்டோம். "ஒன்றுமில்லை அண்ணா" என்றான். வீட்டு நினைவாக இருக்கும் என்று எண்ணி, தைரியமாக இருக்க வேண்டும் என்று ஓர் அறிவுரை சொல்லிப் படுக்க வைத்தோம். ஆலோசகர் அல்லவா நாங்கள்!

மறுநாள் அறைச் சோதனை. தரை துலங்கியது, செருப்புகள் வரிசையாக நின்றன. குறிப்பேட்டுக்காரர் ஒரு கட்டிலருகே நின்று, "இதன் விரிப்பு எங்கே?" என்று கேட்டார். அச் சிறுவன் பதில் சொல்லவில்லை. கொடி கைநழுவிப் போகிறதே என்ற ஆத்திரத்தில் எங்களுள் ஒருவர் அவன் பையைத் திறந்தார். சுருட்டி அடியில் திணித்திருந்த விரிப்பை வெளியே இழுத்தார். அது நனைந்திருந்தது. நாற்றம் அறை முழுதும் பரவியது. "பன்னிரண்டு வயதாகிறது, இன்னுமா?" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. ஒரு பையன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

அதைச் சொன்னவர் எங்களுள் ஒருவர்தான். ஆனால் மற்றவர் அருகில் நின்றிருந்தார். ஒன்றும் சொல்லாமல் நின்றிருந்தார். ஆதலின் அப் பிழை எங்கள் இருவருக்கும் உரியது. சொன்னவர் யார், நின்றவர் யார் என்பதை இன்றளவும் நாங்கள் பிறரிடம் பிரித்துச் சொன்னதில்லை.

நண்பகல் உணவுக்கு மணி அடித்தபோது ஏழு பேரே வந்தனர். அறையில் அவன் இல்லை. விளையாட்டுத் திடலில் இல்லை. கழிப்பறையில் இல்லை. வேலிக்கு வெளியே களாச் செடிப் புதர்கள். அவற்றுக்கு அப்பால் சரிவு. சரிவுக்குக் கீழே சாலை. சாலை வழியே நடந்தால் ரயில் நிலையம். பிறர் வீட்டுப் பிள்ளை காணாமற்போவது என்றால் யாது என்பதை அந்த அரை மணி நேரத்தில் அறிந்தோம். இருவரும் வேலி ஓரமாக ஓடினோம். அவன் பெயரைச் சொல்லி அழைக்கவும் கூசியது. காலையில் அப் பெயரை எந்தக் குரலில் அழைத்தோம் என்பது நினைவிருந்தது.

சமையற்கட்டின் பின்புறத்தில், துணி துவைக்கும் கல்லருகே அவன் இருந்தான். அக்கம்பக்கத்து ஊரிலிருந்து சமைக்க வரும் முதிய மராட்டிய மாது ஒருவர், பிள்ளைகள் மாவ்சி என்று அழைப்பவர், அவன் கையில் சோப்புக் கட்டியைக் கொடுத்துவிட்டு அருகில் அமர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். விரிப்பு ஒருவாறு வெளுத்திருந்தது. எங்களைக் கண்டதும் அம் மாது எழுந்து வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஸ்டேஷனுக்கு எப்படிப் போவது என்று என்னிடம் கேட்டான். வழி சொல்லவில்லை. முதலில் இதைத் துவைத்துக் காயப் போடு, பிறகு சொல்கிறேன் என்றேன். என் பேரனும் இப்படித்தான் இருந்தான், சரியாகிவிட்டது." இவ்வளவே. எங்களை அவர் கடிந்துகொள்ளவில்லை. விரிப்பின் ஒரு முனையை அவர் பிடித்தார். மறு முனையை அவன் பிடித்தான். முறுக்கிப் பிழிந்து, பிறர் கண்ணில் படாத கொடியில் உலர்த்தினார்கள்.

ஆலோசகர் பயிற்சி வகுப்பில் எங்களுக்கு ஒரு நாள் முழுதும் பாடம் நடந்திருந்தது. அம் மாதுக்கு எவரும் பாடம் நடத்தவில்லை. கேள்வி கேளாமல் கையில் ஒரு வேலையைக் கொடுத்து, அருகிலேயே அமர்ந்து, பிள்ளையைச் சாலைக்குப் போக விடாமல் காத்தவர் அவர்தான்.

அன்று மாலை அலுவலகத்துக்குச் சென்று அவனுடைய விண்ணப்பத் தாளைக் கேட்டு வாங்கினோம். அதன் பின்புறத்தில் நான்காக மடித்த ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. தாயார் தமிழில் எழுதியது. இரவு 11 மணிக்கு ஒருமுறை எழுப்பிக் கழிப்பறைக்கு அனுப்புமாறும், இதைப் பிள்ளைகள் யாருக்கும் தெரியாமல் செய்யுமாறும் அதில் கேட்டிருந்தார். அலுவலகத்தில் இருந்தோர்க்குத் தமிழ் தெரியாது. எனவே தாளோடு தாளாக அதைச் சேர்த்து வைத்துவிட்டார்கள். தமிழ் தெரிந்தவர்கள் வேண்டும் என்றுதானே எங்களை அழைத்தார்கள்? படிக்கத் தெரிந்த நாங்கள் தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கவே இல்லை. கட்டில்களை வரிசைப்படுத்துவதில் முனைந்திருந்தோம்.

பிழையை எவ்வாறு திருத்துவது? அவனைத் தனியே கண்டு மன்னிப்புக் கேட்டோம். அவன் தலையை ஆட்டினான், அவ்வளவுதான். ஆனால் பிழை பலர் முன்னிலையில் நடந்தது. திருத்தமும் அங்கேயே நிகழ வேண்டும். அதே சமயம், நடந்ததை மீண்டும் பெயர் சொல்லி எடுத்தால் அதுவே இரண்டாவது அவமானம். எனவே அன்றிரவு எண்மரையும் அமரவைத்து இவ்வாறு சொன்னோம்: "இன்று காலை இவ்வறையில் ஒரு தவறு நடந்தது. தவறு செய்தவர்கள் நாங்கள் இருவரும். ஒருவருடைய பையை அவர் அனுமதியின்றித் திறப்பதும், பிறர் முன் ஏளனமாகப் பேசுவதும் தவறு. இனி இவ்வறையில் யாரும் அதைச் செய்யலாகாது. நாங்களும் செய்ய மாட்டோம். நாளை முதல் நம் அறை கொடிப் போட்டியில் இல்லை." முகாம் தலைவரிடம் முன்னரே பேசி இசைவு பெற்றிருந்தோம். முதலில் சிரித்த பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொடி போனதற்காக எவனும் முணுமுணுக்கவில்லை என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

அன்று முதல் இரவு 11 மணிக்கு நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுவோம். ஒருவர் கைவிளக்கோடு வாசலில் நிற்பார். மற்றவர் கட்டில் காலில் இருமுறை மெல்லத் தட்டுவார். பையன் எழுந்து கழிப்பறைக்குச் சென்று வருவான். பேச்சு இல்லை. மூன்றாம் இரவில் ஒரு புதுமை நிகழ்ந்தது. தட்டும் ஓசை கேட்டு மற்றொரு பையனும் எழுந்து பின்னாலேயே வந்தான். அடுத்த இரவும் வந்தான். அவனுக்கும் அதே தொல்லை உண்டு என்பது பிறகு தெரிந்தது. முதல் இரண்டு இரவுகளை அவன் உறங்காமலே கழித்திருக்கிறான். காலையில் உரத்துச் சிரித்தவனும் அவனே.

நேயர்களுள் பெற்றோர் பலர் இருப்பீர்கள். ஆகவே மருத்துவ உண்மை ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறோம். உறக்கத்தில் சிறுநீர் கழிவது சோம்பலாலோ பிடிவாதத்தாலோ வருவதன்று. 10 வயதுப் பிள்ளைகளில் 100-க்கு ஏறத்தாழ 5 பேருக்கு இது உண்டு என்று குழந்தை மருத்துவர் கூறுகின்றனர். பெரும்பாலும் குடும்ப வழியில் வருவது. வளர வளரத் தானே நீங்குவது. நீங்காவிடின் மருத்துவரிடம் காட்டலாம், சிகிச்சை உண்டு. ஏசுவதும் அடிப்பதும் பிறர் முன் சொல்லிக் காட்டுவதும் மட்டும் இதற்கு ஒருபோதும் மருந்தாகா.

இனி, முகாமின் இறுதி இரவு. மழைக் காலம் நெருங்கியிருந்தது. மரங்களில் மின்மினிகள் கொத்துக் கொத்தாக ஒளிர்ந்தன. மும்பைப் பிள்ளைகள் பலர் அப்பொழுதுதான் அவற்றை முதன்முதலில் கண்டனர். திறந்த வெளியில் தீ மூட்டி எல்லோரும் வட்டமாக அமர்ந்தோம். பாட்டு நடந்தது. சொற்பொழிவு நடந்தது. முடிவில், தம்மை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்க விரும்புவோர் ஆளுக்கொரு சுள்ளியை நெருப்பில் இட்டு எழுந்து நிற்கலாம் என்று அழைப்பு வந்தது. இது இத்தகைய முகாம்களில் பழைய வழக்கம். ஒருவன் எழுந்தான். பத்துப் பேர் எழுந்தனர். எங்கள் அறையில் ஏழு பேர் எழுந்துவிட்டனர். அச் சிறுவன் மட்டும் சுள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்தே இருந்தான்.

எதிரில் இருந்த தொண்டர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கண் காட்டினார். அவனைச் சற்றுத் தூண்டுங்கள் என்பது பொருள். தோளில் ஒரு கை வைத்தால் போதும், அவன் எழுந்துவிடுவான். எங்கள் நம்பிக்கையை மறைத்துப் பேச நாங்கள் விரும்பவில்லை. அவன் தானாக எழுந்திருந்தால் உள்ளம் குளிர்ந்திருப்போம். ஆனால் மூன்று நாளுக்கு முன் நனைந்த விரிப்பைப் பலர் முன் தூக்கிக் காட்டிய கை அல்லவா அது? இப்பொழுது பையனையே தூக்கிக் காட்ட நீளலாமா? முன்னது அவன் வெட்கம். பின்னது அவன் பக்தி. இரண்டும் அவன் உள்ளத்துக்குரியவை. கணக்குக் காட்டுவதற்காக ஒன்றையேனும் வெளியே இழுக்க எங்களுக்கு உரிமை இல்லை. நாங்கள் கையை எடுக்கவில்லை.

அறைக்குத் திரும்பும் வழியில் அவன் எங்களோடு பின்தங்கி நடந்தான். "எழுந்து நிற்காதது தப்பா, அண்ணா?" என்று கேட்டான். "தப்பு இல்லை" என்றோம். "எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. எல்லோரும் நிற்கிறார்கள் என்று நின்றால் அது பொய் இல்லையா?" என்றான். எங்களுக்குப் பேச்சு எழவில்லை. அவ் வாரம் முழுதும் நாங்கள் நடத்திய வேத வகுப்புகளில் இவ்வளவு நேர்மையான ஒரு கேள்வி எழுந்ததில்லை. "தெரியும்போது தெரியட்டும், கேட்டுக்கொண்டே இரு" என்று மட்டும் சொன்னோம். சுள்ளியை அவன் என்ன செய்தான் என்று நாங்கள் கேட்கவில்லை.

இத்தகைய தொண்டில் ஈடுபட விரும்பும் அன்பர்களுக்கு, எங்கள் அனுபவத்தால் சில சொற்கள். இது கிறித்தவ முகாமுக்கு மட்டும் உரியதன்று. 1907-ல் பேடன் பவல் பிரௌன்சீ தீவில் நடத்திய முகாமிலிருந்து வளர்ந்த சாரணர் முகாமாயினும், 1969-ல் நம் நாட்டில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்ட முகாமாயினும், பிள்ளைகள் பிள்ளைகளே.

முதலாவது, முகாம் தொடங்கும் முன்னரே ஒவ்வொரு பிள்ளையின் தாளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். வெளி மாநிலத்தில் ஒரு தமிழ்த் தாய் தமிழில் எழுதி அனுப்பினால், அதைப் படிக்கக் கூடியவர் அங்கே நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். இரண்டாவது, கடிந்து சொல்ல வேண்டியதைத் தனியே சொல்லுங்கள். ஆயினும் பிறர் பார்வைக்கு அப்பால் சென்று சொல்லாதீர்கள். பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனித்திருத்தல் கூடாது. திண்ணையில் அமர்ந்து பேசலாம். பிறர் காண்பர், கேளார். இது பிள்ளைக்கும் காப்பு, உங்களுக்கும் காப்பு.

மூன்றாவது, எதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். தன்னை எவரேனும் துன்புறுத்துவதாக ஒரு பிள்ளை சொன்னால், அமைதியாகக் கேட்டு, உடனே உரியவர்க்குத் தெரிவிக்க வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவிப்பதைக் கடமையாக்கியிருக்கிறது. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். முகாமின் பெயர் கெடுமே, சபையின் பெயர் கெடுமே என்று வாளாவிருப்பது பாவம். அது சட்டப்படி குற்றமும் ஆகும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளையை அனுப்பும் முன் கூச்சமின்றிக் கேளுங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பொறுப்பாளர்? இரவில் அறையில் யார் இருப்பார்? மருத்துவ உதவி எவ்வளவு தொலைவில் உள்ளது? சமய வகுப்பு உண்டா, அதில் சேர்வது கட்டாயமா? நல்ல முகாம் இக் கேள்விகளை வரவேற்கும். அன்றியும், பிள்ளையைப் பற்றி நீங்கள் எழுதி அனுப்பும் செய்தியைப் பொறுப்பாளர் படித்தாரா என்பதை வண்டி புறப்படும் முன் வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆறாம் நாள் மாலை தாதர் நிலையத்தில் இறங்கினோம். பெற்றோர் கூட்டம். அவரவர் பிள்ளையை அவரவர் கண்டுகொண்டனர். எங்கள் சிறுவன், மலையடிவாரத்தில் வாங்கிய சிக்கிப் பொட்டலத்தைத் தங்கையிடம் கொடுத்து, மின்மினிகளைப் பற்றி மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தான். தாயார் எங்களிடம் வந்தார். நன்றி சொன்னார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, ராத்திரி எழுப்பிவிட்டியளா?" என்று கேட்டார்.

ஆம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஐந்து இரவில் நான்கு இரவு எழுப்பியவர்கள்தாமே நாங்கள்? ஆனால் எல்லோரும் நிற்கிறார்கள் என்பதற்காக நிற்க மாட்டேன் என்ற பையன் இரண்டடி தொலைவில் இருந்தான். "முதல் இரவு எழுப்பவில்லை, அம்மா. உங்கள் கடிதத்தை நாங்கள் படிக்கத் தவறிவிட்டோம். அதனால் அவனுக்கு ஒரு நாள் துன்பம் நேர்ந்தது. மன்னிக்க வேண்டும்" என்றோம்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. மகனைத் திரும்பிப் பார்த்தார். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். "அடுத்த வருசம் முதல் ராத்திரியே எழுப்பிவிடுங்க" என்று சொல்லி, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கூட்டத்தில் நடந்து சென்றார்.

அடுத்த ஆண்டு அவன் வந்தான். முகாமை அடைந்ததும் நாங்கள் முதலில் கேட்டு வாங்கியது தாள்களைத்தான்.